நெடுங்கை வண்டுக்குப் பெயர் வந்த பிறகு

ஜப்பானின் மிகப் பெரிய வண்டு 1983-இல்தான் பூச்சியியலாளர்கள் கையில் சிக்கியது. உடல் மட்டும் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் நீளம். ஆணாக இருந்தால் உடம்பளவுக்கு நீண்டு வளைந்த இரண்டு முன்னங்கால்கள், அவற்றில் முட்கள். தலைக்குப் பின்னால் இருக்கும் கவசம் பச்சையும் செம்பும் கலந்து மின்னும். இறக்கைகளை மூடிய ஓடு கருத்த பழுப்பு. இத்தனை காலம் இதைக் காணாமல் இருந்தது பூச்சிகளைப் பொருட்படுத்தாத நாடும் அல்ல. கோடை விடுமுறை வந்தால் ஜப்பானியப் பிள்ளைகள் கொம்பு வண்டுகளைப் பிளாஸ்டிக் பெட்டியில் வளர்க்கிறார்கள். வண்டு, அதற்கான ஜெல்லித் தீனி, புழு வளர்க்க மக்கிய மரத்தூள் எல்லாம் கடையில் கிடைக்கும். பெரியவர்களும் அந்த ஆசையை விடுவதில்லை. வலையும் கைவிளக்குமாக மலை ஏறுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில் ஆறு சென்டிமீட்டர் வண்டு ஒன்று பெயரில்லாமல் வாழ்ந்திருக்கிறது.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மகளுக்கு ஒகினாவாவில் வேலை என்பதால் ஆண்டில் சில மாதங்கள் அங்கே இருக்கிறேன். ஒருநாள் இரவு வாசல் விளக்கடியில் கரிய வண்டு ஒன்று மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. “எம்மா, இது நம்ம ஊரு தென்ன வண்டுல்லா?” என்றாள் மகள். அதேதான். ஈத்தாமொழியில் என் அப்பா தென்னங்குருத்துக்குள் கம்பியை விட்டுக் குத்தி எடுத்த காண்டாமிருக வண்டு. ஒகினாவாவுக்கு அது வந்தேறி. கரும்பையும் அன்னாசியையும் பனைக் குடும்பத்து மரங்களையும் துளைப்பதால் அங்கேயும் விவசாயிகளுக்கு அதன்மேல் கோபம்தான். அதற்கு அறிவியல் பெயர் வந்தது 1758-இல், இருசொல் பெயர் முறையை வகுத்த லின்னேயஸ் கையால். அதே ஸ்காரப் குடும்பத்தைச் சேர்ந்த, அதைவிடப் பெரிய அந்த நெடுங்கை வண்டுக்கு, அதே தீவில், பெயர் வர 1984 ஆகியிருக்கிறது. நடுவில் 226 ஆண்டுகள். இந்த இடைவெளி என்னை விடவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, அது வாழும் வடக்குக் காட்டுப் பக்கம் போகத் தொடங்கினேன்.

ஒகினாவா மெலிந்து நீண்ட தீவு. தெற்குப் பாதியில் நகரங்கள், விமான நிலையம், அமெரிக்கப் படைத்தளங்கள். வடக்குப் பகுதிக்கு யான்பாரு என்று பெயர். குனிகாமி, ஒகிமி, ஹிகாஷி என மூன்று கிராமங்கள். அங்கே கிராமம் என்பது ஓர் ஊர் அல்ல, பல ஊர்கள் சேர்ந்த ஆட்சிப் பகுதி. தீவின் உயரமான யோனாஹா மலைகூட 503 மீட்டர்தான். நம் மருந்துவாழ் மலையைவிட ஏறுவதற்கு அதிகம், மகேந்திரகிரிக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் அந்தத் தாழ்ந்த மலைகள் முழுக்கப் பசுமை மாறாக் காடு. மிகுதியாக இருப்பது இத்தாஜி என்று அவர்கள் சொல்லும் மரம். ஓக் மரத்தின் உறவு, கொட்டையைத் தின்னலாம். கூடவே ஒகினாவாவுக்கும் பக்கத்துத் தீவுகளுக்கும் மட்டுமே உரிய ஓக் மரம் ஒன்றும் உண்டு. புயல் பாதையில் இருக்கும் தீவு. கொம்பு முறிந்த இடத்தில் நீர் இறங்குகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது, வைரம் பாய்ந்த நடுத்தண்டு மெல்ல மெல்ல உளுத்துப் பொந்தாகிறது. மரம் மட்டும் சாவதில்லை. தோலோடு ஒட்டிய உயிர்ப்பகுதி வேலை செய்துகொண்டே இருக்க, உள்ளே பொந்தில் மட்கிய மரத்தூள், இலைச்சருகு, பூச்சிகளின் எச்சம் எல்லாம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஒரு கருப்பு மண்ணாகிறது.

இந்த வண்டின் வீடு அதுதான். தாய் வண்டு பொந்துக்குள் முட்டையிடுகிறது. புழு அந்த மட்கைத் தின்று வளர்கிறது. எருக்குழியைக் கிளறினால் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுவைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவத்தைச் சொல்லத் தேவையில்லை, அளவைத்தான் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். முட்டையிலிருந்து முழு வண்டாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வளர்ந்த வண்டு வெளியே நடமாடுவதோ ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, அதுவும் இரவில். வாழ்நாளின் பெரும்பகுதியை மரத்துக்குள் கழித்துவிட்டு, சில வாரம் மட்டும் தலைகாட்டும் உயிரைத் தற்செயலாகப் பார்ப்பது அரிது. அந்தக் காட்டில் ஹாபு என்ற விரியன் வகைப் பாம்பும் உண்டு. இரவில் அங்கே நடக்க யாரும் விரும்புவதில்லை. போதாததற்கு, 1945 போருக்குப் பிறகு 1972 மே மாதம் வரை ஒகினாவா அமெரிக்க ஆட்சியில் இருந்தது. டோக்கியோவிலிருந்து ஒரு மாணவன் நினைத்தால் வலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட முடியாது. யான்பாரு காட்டின் பெரிய துண்டு ஒன்று அமெரிக்க மரைன் படையின் காட்டுப்போர்ப் பயிற்சிக் களமாகவும் இருந்தது.

ஆட்சி மாறிய பன்னிரண்டு ஆண்டுக்குள் இரண்டு பெரிய கண்டுபிடிப்புகள் வந்தன. 1981-இல் பறக்க முடியாத ஒரு பறவை: யான்பாரு குயினா, நம் கானாங்கோழியின் உறவு. இரண்டு ஆண்டு கழித்து இந்த வண்டு. பறவைக்குக் கிடைத்த பேர் வண்டுக்குக் கிடைக்கவில்லை. இன்று யான்பாருச் சாலையில் போனால் குயினா கடக்கும் இடம், மெதுவாகப் போகவும் என்று பலகை பலகையாக நிற்கிறது. எனக்கென்னவோ வண்டின் கதைதான் கூடுதலாக ஒட்டிக்கொண்டது. ஒரு புது உயிருக்குப் பெயர் வைப்பது என்றால் என்ன, அதனால் என்னென்ன நடக்கும் என்பதெல்லாம் இதில் முழுதாக இருக்கிறது.

ஒரு வண்டு கிடைத்துவிட்டது. அது புதியது என்று எப்படிச் சொல்வது? மாணவர்கள் ஆண்டுதோறும் என்னைக் கேட்ட கேள்வி இது. பதில் அவர்களுக்குச் சப்பென்று இருக்கும். கையில் இருப்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதுவரை பெயர் பெற்ற எல்லா உறவு வண்டுகளையும் பார்த்து, இது அவற்றில் எதுவும் அல்ல என்று காட்ட வேண்டும். இல்லாததை நிறுவும் வேலை அது. ஸ்காரப் குடும்பத்தில் ஏறத்தாழ 30,000 சிற்றினங்கள் பெயர் பெற்றுள்ளன. எகிப்தியர் வணங்கிய சாணி உருட்டும் வண்டு, நம் தென்னை வண்டு, கரும்பு வேரைத் தின்னும் வேர்ப்புழுவின் தாய், பூவில் தேன் குடிக்கும் பச்சை வண்டு என்று பல தினுசு. இவற்றைச் சேர்த்துக் கட்டும் அடையாளம் உணர்கொம்பின் நுனி. சின்னச் சின்ன ஏடுகளாக இருக்கும் அது, பனையோலை விசிறி போல விரிந்தும் மடங்கியும் வாசம் பிடிக்கும். அதைப் பார்த்தால் குடும்பம் தெரிந்துவிடும். அதற்கப்புறம்தான் வேலை.

ஒகினாவா வண்டில் அடுத்த படி எளிதாக இருந்திருக்கும். அந்தக் கைகளை வைத்துக்கொண்டு வேறு எங்கேயும் போக முடியாது. நீண்ட கை ஸ்காரப்கள் ஒரு சிறிய துணைக்குடும்பம், மொத்தமே மூன்று பேரினங்கள். ஒன்று துருக்கி, சைப்ரஸ் பக்கமும் சீனாவிலும் இருக்கிறது. இன்னொன்று இந்தோனேசியத் தீவுகளிலும் பிலிப்பைன்ஸிலும் இருக்கிறது. அதில் ஒன்றுக்கு லின்னேயஸே 1758-இல் நீண்ட கையன் என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார். இயற்கையியலாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் அதை அம்போன் தீவில் சேகரித்தபோது, இரவெல்லாம் சர்க்கரைப் பனையில் கட்டியிருந்த மூங்கில் குழாய்களை இறக்க விடியற்காலையில் ஏறுகிறவர்கள், சாறு குடிக்க வந்த வண்டை அங்கேயே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். 1869-இல் வந்த மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய நூலில் வாலஸ் இதை எழுதியிருக்கிறார். பனையேறிகளின் ஊரில் பிறந்த எனக்கு அந்தப் பக்கத்தைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. பதநீர் இறக்கப் போகும் ஒருவர் கண்ணில் படுவது என்னென்ன, அவர் கையில் ஒரு குப்பியைக் கொடுத்தால் நமக்கு என்னென்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது பேரினம் கெய்ரோடோனஸ். இதை 1840-இல் அமைத்தவர் ஆக்ஸ்ஃபோர்டோடு தொடர்புடைய ஃபிரெடெரிக் வில்லியம் ஹோப். முதலில் அதில் வைத்த சிற்றினம் நம்முடையது: டார்ஜிலிங், சிக்கிம், அஸ்ஸாம், அருணாச்சலப் பகுதிகளில் வாழும் கெய்ரோடோனஸ் மக்லேயி. இந்திய ஸ்காரப் வண்டுகளைப் பற்றி லண்டன் அருங்காட்சியகத்தின் கில்பர்ட் ஆரோ எழுதிய தடித்த நூல்வரிசையில் 1917-இல் வந்த இரண்டாம் பாகத்தில் இந்த நெடுங்கையர்களுக்கும் இடம் உண்டு. இமயத்தில் தொடங்கி சீனா, இந்தோசீனா, மலாயா, தைவான் என்று கெய்ரோடோனஸ் பரவியிருக்கிறது. தைவான் சிற்றினத்துக்கு 1913-இல் பெயர் வந்தது. ஆக, ஒகினாவாவில் ஒன்று கிடைத்தால் உறவுக்காரர்கள் யார் யார் என்பது தெளிவு. ஒரு காலத்தில் ஆசியப் பெருநிலத்தோடு சேர்ந்திருந்து, கடல் புகுந்து தனியான தீவு அது. காட்டோடு ஒட்டி வந்த வண்டும் அங்கேயே தனித்துப்போயிற்று.

ஒப்பிடும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியே தெரியாத உழைப்பு அங்கேதான் இருக்கிறது. முதலில் காய்ந்த வண்டை ஈரக்காற்றுப் பெட்டியில் வைத்து இளக்குவோம். காய்ந்ததைத் தொட்டால் கால் ஒடியும். இளகியதும் நுண்ணோக்கிக்குக் கீழே ஒவ்வோர் உறுப்பாக அளவெடுப்பு. முன்னங்காலில் எத்தனை முள், எந்தக் கோணத்தில், முதுகுக் கவசத்தின் விளிம்பு மழுக்கமா பல்லுப்பல்லாக இருக்கிறதா, ஓட்டின் மேல் குழிகள் அடர்ந்தா விலகியா, மயிர் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது. பிறகு வயிற்றின் கடைசி வளையத்தைத் திறந்து, கொக்கி போல வளைத்த ஊசியால் ஆணின் புணர்ச்சி உறுப்பை வெளியே எடுப்போம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு வைத்தால் சதை கரைந்து கெட்டியான பாகம் மட்டும் நிற்கும். வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது பின்வரிசையில் சிரிப்பு வரும். நான் நிறுத்துவதில்லை. நெருங்கிய உறவுள்ள இரண்டு வண்டுகள் வெளியில் ஒரே அச்சாக இருந்து, இந்த உறுப்பு மட்டும் வேறாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. வண்டு வகைப்பாட்டில் பாதித் தீர்ப்புகள் அந்த ஒரு மில்லிமீட்டர் பொருளைப் பார்த்து எழுதப்பட்டவை. பார்த்து முடித்ததும் அதைச் சின்னக் குப்பியில் கிளிசரினில் இட்டு, வண்டு குத்தியிருக்கும் அதே ஊசியில் கோத்துவிட வேண்டும். பிரிந்துவிட்டால் இரண்டும் அநாதை.

அப்புறம் மூல மாதிரிகள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் உலகத்தில் எங்கோ ஓர் அருங்காட்சியகத்தில், பெரும்பாலும் சிவப்புச் சீட்டோடு, ஒரே ஓர் உடல் இருக்கிறது. ஹோலோடைப் என்பார்கள். இந்தப் பெயர் எந்த உயிருக்கு உரியது என்று நாளை வழக்கு வந்தால் சாட்சி சொல்வது அந்த உடல்தான். எழுதிய வருணனையில் பிழை இருக்கலாம், படம் மங்கலாக இருக்கலாம். உடல் மாறாது. 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனீரோவில் பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது பூச்சிச் சேகரம் ஏறக்குறைய முழுதாகப் போயிற்று. அன்று நெருப்பில் போனவற்றில் இப்படிப்பட்ட சாட்சிகளும் உண்டு. அந்தச் செய்தியைக் கேட்டு ஒரு வாரம் எனக்கு வேலை ஓடவில்லை. அந்த மேசைகளின் இழுப்பறைகளை நான் பார்த்ததே இல்லை, ஆனாலும் எங்கள் கல்லூரியின் நாப்தலின் வாடையடிக்கும் பழைய அலமாரி நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

பெயர் வைக்கும் சட்டம் தெளிவானது. விலங்குகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. பெயர் இரண்டு சொல்லாக, லத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும். மற்றவற்றிலிருந்து பிரித்தறியும் அடையாளங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். இது புதியது என்று வெளிப்படையாக அறிவித்து, மூல மாதிரியைச் சுட்டி, அச்சிலோ முறையாகப் பதிவான மின்னிதழிலோ வெளியிட வேண்டும். கண்டுபிடித்த நாள் கணக்கில் வராது. வெளியான நாள்தான் பெயரின் பிறந்தநாள். யான்பாரு வண்டு 1983-இல் கிடைத்தும் அதன் பெயரோடு 1984 என்று எழுதுவது அதனால்தான். டோக்கியோ தேசிய அறிவியல் அருங்காட்சியகத்தின் யோஷிஹிகோ குரோசாவா அந்த அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் அதை வெளியிட்டார். கெய்ரோடோனஸ் ஜம்பார். காட்டின் பெயரையே வண்டுக்கும் வைத்துவிட்டார்.

ஆறு சென்டிமீட்டர் வண்டாக இருப்பதால்தான் இவ்வளவு பேசுகிறோம் என்று தோன்றலாம். மறுகோடிக்குப் போய்ப் பாருங்கள். கியூஷூ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் முனேதோஷி மாருயாமா 2012-இல் கம்போடியாவிலிருந்து ஒரு ஸ்காரப் வண்டை வருணித்தார். நீளம் 1.2 மில்லிமீட்டர். நம் ஊர்ப் புற்றுகளைப் போலவே காளான் வளர்க்கும் கறையான்களின் புற்றுக்குள், காளான் தோட்டத்தில் கழிவு ஒதுக்கிய இடங்களில் வாழ்கிறது. முதுகோட்டில் இரு சிறகு போன்ற மயிர்க்கற்றைகள் இருப்பதால், சிறகுள்ள காதல் தெய்வம் கியூபிடின் பெயரை வைத்தார்: டெர்மிடோட்ராக்ஸ் கியூபிடோ. புற்றை வெட்டிப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் குப்பையில் கிடக்கும் 1.2 மில்லிமீட்டர் துணுக்கை வண்டு என்று அடையாளம் காண, அந்தக் குடும்பத்தை மனதில் சுமந்துகொண்டு திரியும் கண் வேண்டியிருக்கிறது. அதே அளவு உழைப்பு, அதே விதிகள், அதே சிவப்புச் சீட்டு. ஒகினாவா வண்டுக்கு நேர்ந்தது மட்டும் அதற்கு நேராது. 1.2 மில்லிமீட்டர் வண்டை யாரும் திருட வரமாட்டார்கள்.

யான்பாரு வண்டுக்குப் பெயர் வந்த மறு ஆண்டே, 1985-இல், ஜப்பான் அதைத் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்தது. 1996-இல் அழியும் உயிர்களைக் காக்கும் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தது. பிடிப்பது, விற்பது, வாங்குவது எல்லாம் குற்றம். 2013-இல் திருத்திய சட்டப்படி தனிநபருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை, ஐம்பது லட்சம் யென் வரை தண்டம். நிறுவனமாக இருந்தால் தண்டம் பத்துக் கோடி யென் வரை போகலாம். ஒரு வண்டுக்காக இவ்வளவு கடுமையா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெயரில்லாத உயிரைச் சட்டத்தால் தொடக்கூட முடியாது. அரசாணையில் எழுத ஒரு சொல் வேண்டும். நீதிமன்றத்தில் கைப்பற்றப்பட்ட புழு இன்ன வண்டின் புழுதான் என்று சொல்ல, வருணனை ஒன்று எங்கோ அச்சில் இருக்க வேண்டும். குரோசாவாவின் கட்டுரை இல்லாவிட்டால் 1985-இன் அறிவிப்பு இல்லை.

அதே பெயர் வண்டின் தலைக்கு விலையும் வைத்தது. நாட்டின் மிகப் பெரிய வண்டு, ஒரே ஒரு காட்டில் மட்டும் உண்டு என்றால் கள்ளச் சந்தையில் அதற்கு ஆள் இல்லாமல் போகுமா? சட்டத்தை மீறிக் காட்டுக்குள் நுழைகிறவர்கள் வண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. புழுவைத் தோண்ட மரப்பொந்தை உடைக்கிறார்கள். வண்டு ஒன்று போனால் இன்னொன்று வளரலாம். நூற்றாண்டு மரத்தின் பொந்து உடைந்தால் உள்ளிருக்கும் மட்கு கொட்டிப்போகும், மழை நேராக இறங்கும், அடுத்த பல தலைமுறைப் புழுக்களுக்கும் அங்கே இடமில்லை. யான்பாருவில் சில வனச்சாலைகளை இரவில் பூட்டி வைப்பது இந்தக் கொள்ளைக்கு அஞ்சியும்தான்.

இது இந்த வண்டுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. 2006-இல் சயன்ஸ் இதழில் ஸ்டூவர்ட், ரோடின், கிரிஸ்மர், ஹான்சல் என்ற நால்வர் சீனாவின் ஒரு பல்லியையும் இந்தோனேசியாவின் ரோட்டித் தீவு ஆமையையும் காட்டி எழுதினார்கள்: வருணனை வெளியானதும் வணிகர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடிப் போய்க் காட்டைத் துடைத்துவிட்டார்கள் என்று. வகைப்பாட்டியலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, கிடைத்த இடத்தைத் துல்லியமாக எழுது என்பது. இடம் எழுதாத மாதிரி குப்பைக்குச் சமம் என்று மாணவர்களைக் கடிந்திருக்கிறேன். இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் துல்லியம் அருங்காட்சியகப் பதிவேட்டில் இருந்தால் போதும். இணையத்தில் எவரும் பார்க்கும்படி ஜிபிஎஸ் எண்களைக் கடைசிப் புள்ளி வரை கொடுக்க வேண்டியதில்லை. மாவட்டமும் மலையும் போதும். குனிகாமியில், ஹிஜி என்ற ஊரில் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் காட்டுயிர்க் காப்பு மையம் இருக்கிறது. யான்பாருவின் உயிர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போகிறவர்கள் முதலில் நுழைவது அங்கேதான். நான் மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு வனம் தெரிந்த ஓர் ஊழியரிடம் இந்த வண்டு எந்தப் பள்ளத்தாக்குகளில் இருக்கிறது என்று கேட்டேன். வடக்கே என்றார், சிரித்தார், அதற்குமேல் சொல்லவில்லை. சரியான பதில்.

பெயரால் வந்த இன்னொரு விளைவு நம் நாட்டு வண்டையும் தொடுகிறது. ஜப்பானில் வெளிநாட்டு வண்டுகளை இறக்குமதி செய்து வளர்ப்பது பெரிய வணிகம். தப்பிய நெடுங்கை வண்டு ஏதாவது யான்பாரு வண்டோடு கலந்துவிட்டால் கலப்பினம் வரலாம், அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஆகவே ஜம்பார் நீங்கலாக கெய்ரோடோனஸ் பேரினம் முழுவதையும், மற்ற இரண்டு நெடுங்கைப் பேரினங்களையும், ஜப்பான் தன் அயல்படர் உயிர்ச் சட்டத்தில் தடைசெய்துவிட்டது. அருணாச்சலத்துக் கெய்ரோடோனஸ் மக்லேயி உயிரோடு அந்த நாட்டுக்குள் போக முடியாது. எங்கள் சிக்கிம் வண்டு ஒன்றும் ஆபத்தானது அல்ல என்று என் மனம் முதலில் அதன் பக்கம் பேசியது. ஆனால் அதே காட்டில் நம் கீரிப்பிள்ளை என்ன செய்திருக்கிறது என்று பார்த்தபின் தடை சரி என்று பட்டது. 1910-இல் கங்கை முகத்துவாரப் பகுதியிலிருந்து கீரிகளைக் கொண்டுபோய் ஒகினாவாவில் விட்டார்கள், ஹாபுப் பாம்பையும் எலியையும் ஒழிக்கும் என்று. கீரி பகலில் வேட்டையாடும், ஹாபு இரவில் வரும். கீரிகள் வடக்கே பரவி, பறக்க முடியாத குயினாவையும் கையில் கிடைத்த சிற்றுயிர்களையும் தின்றன. யான்பாருவின் கழுத்துப் பகுதியில் தீவின் குறுக்கே வேலி கட்டிப் பொறி வைத்து, இன்னும் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

காட்டின் நிலை இப்போது முன்னைவிட நன்று. ஆட்சி மாறியபின் சாலைகளும் அணைகளும் வந்தன, மரக்கூழுக்காகவும் விறகுக்காகவும் மொட்டையாக வெட்டிய சரிவுகள் இருந்தன. 2016 செப்டம்பரில் யான்பாரு தேசியப் பூங்கா ஆனது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் பயிற்சிக் களத்தில் ஏறத்தாழ 4,000 ஹெக்டேர் திரும்பி வந்தது. அதில் பெரும்பகுதி பின்னால் பூங்காவோடு சேர்ந்தது. 2021 ஜூலையில் அமாமி, தொகுனோஷிமா, இரியொமோதே தீவுகளோடு சேர்த்து யான்பாருவை உலகப் பாரம்பரியக் களமாக யுனெஸ்கோ ஏற்றது. ஆனால் வெட்டிய சரிவில் இன்று நிற்பவை இளமரங்கள். பொந்து விழுகிற பருமனுக்கு வர அவற்றுக்கு இன்னும் பல பத்தாண்டுகள் தேவை. அதுவரை இந்த வண்டுக்குத் தப்பி நிற்கும் கிழட்டு மரங்களே கதி. பூங்கா வரைபடத்தில் பச்சை நிறம் பூசிவிடலாம், பொந்தை ஆணையிட்டு உண்டாக்க முடியாது.

இந்தியாவில் புது வண்டுகளுக்குப் பெயர் வைக்கும் வேலை நடக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019-இல் ஸ்ரீதேவி, ரணசிங்க, ஃபப்ரீசி, ஆரென்ஸ் ஆகியோர் நம் துணைக்கண்டத்தில் செரிசினி என்ற ஸ்காரப் வண்டுகளில் பல புதியவற்றை வருணித்தார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் மலடேரா பெங்களூரென்சிஸ். ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்தின் பெயர் தாங்கிய வண்டு. மழை பெய்த இரவில் குழல்விளக்கைச் சுற்றும் பழுப்பு நிற, ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட வண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். காலையில் முறத்தில் அள்ளிக் கொட்டுவோம். அந்தக் கூட்டத்தில் செரிசினிகளும் இருக்கும். வெளியே ஒன்றுபோல் இருப்பவை. ஆண் உறுப்பைப் பார்க்காமல் பெரும்பாலும் பிரிக்க முடியாது. இலையைத் தின்பவை, புழுக்கள் மண்ணுக்குள் வேரைத் தின்பவை. கரும்பிலும் நிலக்கடலையிலும் வேர்ப்புழு விழுந்தால் எந்த வண்டின் புழு என்று தெரிந்தால்தான் எப்போது மண்ணிலிருந்து கிளம்பும், எந்த மரத்தில் அடையும், எந்த மாதம் உழுது வெளிப்படுத்தலாம் என்று சொல்ல முடியும்.

பழைய மாணவர்கள் சிலர் இப்போதும் வண்டின் படம் அனுப்பி என்ன என்று கேட்கிறார்கள். படத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் சொல்லிவிடுவேன். முடியாதபோது, விளக்கடியில் செத்துக் கிடக்கும் வண்டுகளில் நல்ல நிலையில் உள்ள சிலவற்றைச் சின்னப் பெட்டியில் பஞ்சின் மேல் வைக்கச் சொல்கிறேன். ஆணும் பெண்ணும் வெளியே தெரியாது என்பதால் ஒன்றோடு நிறுத்தக் கூடாது. காட்டுக்குள் போய்ப் பிடிக்க வேண்டாம், அதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் எழுத வேண்டும்: ஊர், மாவட்டம், தேதி, இரவு எத்தனை மணி, எந்த நிற விளக்கு, பக்கத்தில் என்ன பயிர், எடுத்தவர் பெயர். மை கரையும், பென்சில் கரையாது. அந்தப் பெட்டியைச் சென்னை சாந்தோமில் இருக்கும் ஜூவாலாஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தென்மண்டல மையத்தைக் கேட்டுக்கொண்டு அனுப்பலாம், அல்லது பக்கத்து வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறையில் கொடுக்கலாம்.